பெரட்டில் கொடுத்த குரல்

இடது தோள் எரிந்தது. தலையணை சரியில்லாமல் வரும் பிடிப்பு இல்லை இது. கழுத்துக்கும் தோள் எலும்புக்கும் நடுவில் ஒரு கை அகலத்துக்குத் தோல் வழன்று, பிரம்புக் கூடையின் விளிம்பு மணிக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்து அறுத்தது போல எரிந்தது. சின்னையா படுத்தபடியே விரலால் தொட்டுப் பார்த்தார். பிசுபிசுத்தது. விரலை மூக்கருகே கொண்டுபோனார். நிலக்கரி வாசனை.

அறுபத்திரண்டு வயது மனிதர். கூடை தூக்கி முப்பது வருடம் ஆகிறது. தூக்கிய காலத்திலும் மண்ணும் செம்பனைக் குலையும்தான். நிலக்கரியை அவர் கையால் தொட்டதே இல்லை. ஜப்பான்காரன் கப்பலில் கரி சுமந்ததாக கிள்ளான் முழுக்க ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது வேறு விஷயம்.

மருமகள் சந்திரகலாதான் காரணம் என்று முடிவு செய்தார். மெத்தையை வெயிலில் போடு என்று சொன்னால் போடுகிற ஜென்மமா அது? பூச்சி கடித்திருக்கும். எழுந்து உட்கார்ந்தார். மணி ஐந்து. பள்ளிவாசலில் பாங்கு இன்னும் கேட்கவில்லை. மகன் துறைமுகத்தில் இரவு ஷிப்ட். பலகைச் சுவருக்கு அப்பால் ஆற்றிலிருந்து வரும் சேற்று நாற்றமும் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் நாற்றமும் வழக்கம்போல இருந்தன. அவற்றுக்கு நடுவில், வீட்டின் பின்பக்கம் குளியலறையில், இரும்பை இரும்பால் தட்டும் சத்தம் மெதுவாக, அவசரமே இல்லாமல் கேட்டது.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

எலி, என்று சொல்லிக்கொண்டார். எலி எண்ணித் தட்டாது என்று தெரிந்தும் சொல்லிக்கொண்டார்.

அந்த இரும்பை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவரேதான். ஆற்று முகத்துவாரத்தின் சேற்றுத் திட்டில் முப்பத்தேழு வருடமாகப் புதைந்து கிடந்த ஒகிதா மாரு என்ற கப்பலை அந்த வருடம், எண்பத்தொன்றில், பழைய இரும்பு வியாபாரம் செய்யும் தவுக்கே ஒருவன் குத்தகைக்கு எடுத்துத் துண்டு துண்டாக வெட்டிக்கொண்டிருந்தான். சின்னையா வேடிக்கை பார்க்கப் போனார். கப்பலைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்தது. இதுவா? துருப்பிடித்த எருமை மாதிரிச் சேற்றில் கவிழ்ந்து கிடந்த இதற்கா ஊரே பயந்தது? கொட்டகையில் ஒரு இரும்பு மூடி சாய்த்து வைத்திருந்தது. கீழ்த்தளத்துக்கு இறங்கும் வழியை அடைக்கும் மூடி. அரைக் கதவு அளவு, இரண்டு விரல் கனம். தாழ்ப்பாள் ஒரு பக்கம் மட்டும்தான். மேல்பக்கம். அடிப்பக்கம் முழுக்க அம்மைத் தழும்பு போலச் சின்னச் சின்னக் குழிகள்.

இது எனக்கு வேண்டும் என்றார். குளியலறையில் கழிவுக் குழியை மூடியிருந்த சிமென்ட் பலகை உடைந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது.

கேஸ் தீயால் இரும்பு வெட்டும் ரெங்கசாமி அவரைத் தனியாகக் கூப்பிட்டான். வெட்டுவதற்கு முன்னால் சுத்தியலால் மூன்று தட்டு தட்டிப் பார்ப்பதுதான் அவர்கள் வேலை முறை. பின்னால் தண்ணீர் நிற்கிறதா, காற்று அடைத்திருக்கிறதா என்பதைச் சத்தம் சொல்லிவிடும்.

"இத தட்டுனா வேற மாதிரிண்ணே," என்றான்.

"என்ன வேற மாதிரி?"

"நாங்க தட்டி நிறுத்துனதுக்கு அப்புறம் அது தட்டுச்சு. காசு வேணாம், எடுத்துட்டுப் போங்க. வெட்ட எவனும் வர மாட்றான்."

கள் பேசுகிறது என்று சின்னையா நினைத்தார். நான்கு பேர் மூச்சு வாங்கித் தூக்கி வந்து குழிகள் தெரியாதபடி கவிழ்த்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் கோப்பிக் கடையில் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு அறிவித்தார். என்னை ஏற்றிய கப்பலின் தலைமேல் நான் இனித் தினமும் நின்று குளிப்பேன், மூத்திரமும் அடிப்பேன். கடை சிரித்தது. கப்பல் சின்னையா என்றால் சும்மாவா? அந்தக் கப்பலிலிருந்து பிழைத்து வந்த ஒரே ஆள். கோயில் கூட்டத்தில் முன் நாற்காலி. கல்யாண வீட்டில் முதல் பந்தி. கொடுக்கிற மடையர்கள் இருந்தால் வாங்கிக்கொள்ள ஒருவன் வேண்டாமா?

சந்திரகலா மூன்றாம் நாளே அந்தக் குளியலறைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். முன்வாசல் குழாயடியில் கைலியைக் கட்டிக்கொண்டு குளித்தாள்.

"வெக்கங்கெட்ட தனமா ரோட்டப் பாத்துக் குளிக்கிற," என்றார்.

"அது மேல நின்னா கீழருந்து என்னமோ உள்ளங்கால்ல முட்டுது மாமா. நீங்க கப்பல்ல போனவரு, உங்களுக்குப் பழக்கமாயிருக்கும். எனக்கு வேணாம்."

அவளுடைய நாக்கில் எப்போதும் ஒரு முள் இருக்கும். சின்னையா காறித் துப்பிவிட்டுப் போனார். ஆனால் அன்று குளிக்கும்போது உள்ளங்காலைக் கவனித்தார். இரும்பு வெதுவெதுப்பாக இருந்தது. காலை ஆறு மணிக்கு, இருட்டில், பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, அடுப்பில் வைத்த தோசைக்கல் ஆறுவதற்கு முன்னால் இருக்குமே அந்தச் சூடு. பல பேர் அடைந்து கிடக்கும் அறையின் கதவைத் தொட்டால் இருக்குமே, அது.

நடந்தது என்ன என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

டெங்கில் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. விடிவதற்கு முன் பெரட்டு. கங்காணி பேர் கூப்பிட, ஆட்கள் வரிசையில் நின்று பதில் சொல்ல வேண்டும். பிந்திப் போகிறவன் பக்கத்து லயத்து வீட்டுக்காரனிடம் முதல் நாளே சொல்லி வைப்பான்: எனக்கும் சேர்த்து ஒரு குரல் கொடுத்துவிடு. தோட்டத்தில் இதைச் செய்யாதவன் கிடையாது. ஜப்பான்காரன் காலத்தில் இது இன்னும் சுலபமானது. விமானத்துக்குப் பயந்து விளக்கு வைக்கக் கூடாது என்று உத்தரவு. இருட்டில் பெரட்டு. முகம் கிடையாது, குரல் மட்டும்தான் ஆள்.

நாற்பத்து நான்கு ஜனவரியில் ஒரு நாள் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுச் சமையல்காரன் வாயை விட்டுவிட்டான். நாளைக் காலைப் பெரட்டு வேலைக்கு இல்லை, கப்பலுக்கு. பதினொரு பேர். அதில் சின்னையா பெயர் இருக்கிறது. பக்கத்து லயத்து அய்யாவு பெயர் இல்லை.

சின்னையா நேரே அய்யாவு வீட்டுக்குப் போனார். காய்ச்சல் என்றார். ஒரு குரல் வேண்டும் என்றார். கப்பல் என்று சொல்லவில்லை. அதுக்கென்ன, நீ படுத்துக்க என்றான் அய்யாவு. அடுப்படியில் இருந்த அவன் மனைவி வள்ளியம்மாவின் காதில் காய்ச்சல் மட்டும்தான் விழுந்தது; வீட்டில் கிடந்த கடைசி மிளகைத் தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். காய்ச்சலுக்கு நல்லது என்று. சின்னையா அதைச் சொட்டு விடாமல் குடித்தார்.

விடியற்காலை புகைக் கொட்டகையின் பின்னால் பதுங்கி நின்று கேட்டார். "சின்னையா." "வந்துட்டேங்க." பிறகு ஒரு அடி. லோரியின் தகரத்தில் யாரோ மோதும் சத்தம். நான் இல்லைங்க, நான் அய்யாவுங்க என்று ஒரு தரம். கங்காணிக்கு எண்ணிக்கைதான் முக்கியம். பதினொன்று சரியாக இருந்தது. கூட நின்று கேட்டவர்களையும் ஏற்றிக்கொண்டு லோரி போய்விட்டது.

மூன்றாம் நாள் முகத்துவாரத்தைத் தாண்டுவதற்குள் கப்பல் கண்ணிவெடியில் மாட்டிக்கொண்டது. சண்டை முடியும் வரை காட்டில் பதுங்கியிருந்து வெளியே வந்த சின்னையாவைப் பார்த்து, கப்பல் பட்டியலில் பெயர் இருந்தவன் உயிரோடு வந்துவிட்டான் என்று தோட்டமே அழுதது. நீந்தி வந்தேன் என்றார். அய்யாவு எங்கே என்று கேட்டவர்களிடம், கள்ளுக்கடைக்காரி ஒருத்தியோடு ஓடிவிட்டான் என்றார். அவ்வளவுதான். ஒரு முட்டாள் போனான், ஒரு புத்திசாலி இருந்தான். இதில் என்ன இருக்கிறது?

தட்டும் சத்தம் கேட்டதற்கு மறுநாள் ஐந்து மணிக்குத் தோளில் ரத்தம் கசிந்திருந்தது. உள்ளங்கையில் கொப்புளம். நகக் கண்ணில் கறுப்பு. தொண்டை, சுடுமணலை விழுங்கியது போல வறண்டு கிடந்தது. தண்ணீர்ச் செம்பைத் தூக்கியவர் அப்படியே நிறுத்தினார்.

குளியலறையில் தட்டும் சத்தம் நின்று, யாரோ பேர் கூப்பிட்டார்கள்.

கங்காணியின் அதட்டல் இல்லை அது. களைத்த குரல். இருட்டில் அடைத்துவைக்கப்பட்டவர்கள் யார் யார் இன்னும் இருக்கிறார்கள் என்று தங்களுக்குள் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்வது போல, ஒவ்வொரு பெயராக. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பதில். சில பதில் கிட்டத்தில். சில வெகு ஆழத்திலிருந்து. அந்தக் குழி முழங்கால் ஆழம்தான்.

"சின்னையா."

அவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு வாயை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்.

"வந்துட்டேங்க," என்றது இரும்புக்குக் கீழிருந்து அய்யாவுவின் குரல்.

அதே குரல். வயதாகாத குரல். இத்தனை வருடமும் தினமும் விடியலில் அவருக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

வாயிலிருந்து கையை எடுத்தார். பிறகு மெல்ல, வழக்கமான இகழ்ச்சி அவருக்குள் திரும்பி வந்தது. சரி. கொடுக்கட்டும். கொடுக்கத் தெரிந்தவன்தானே. செத்தும் புத்தி வராதவன்.

அன்று மத்தியானம் தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வாசு, பிரிக்பீல்ட்ஸிலிருந்து பஸ் பிடித்து வந்தார். ஒல்லி ஆள், கையில் பெரிய நோட்டு. வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கப்பலில் செத்தவர்களுக்குக் கல் வைக்கப் போகிறார்கள். சின்னையாதான் திறந்து வைக்கிறார். அதற்கான மலரில் கப்பலின் கதையை வாசு எழுதுகிறார். தேடி எடுத்ததை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினார். ஒகிதா மாரு முதலில் கரிக்கப்பல். ஆள் ஏற்றுவதற்காகக் கட்டியதே இல்லை. பட்டாளம் அதை எடுத்துக்கொண்டு, கரி கொட்டும் கிடங்கில் பலகை அடித்து இரண்டு அடுக்கு ஆக்கி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரைப் பர்மாப் பக்கம் வேலைக்கு என்று ஏற்றியது. பகலில் அடுப்புக்குக் கரி சுமக்க வேண்டும். இரவில் மூடி போட்டுத் தாழ்ப்பாள். வெடித்தபோது இரவு. மாலுமிகள் படகில் இறங்கினார்கள். தாழ்ப்பாளை யாரும் எடுக்கவில்லை. கப்பல் உடனே முழுகவும் இல்லை. சேற்றில் உட்கார்ந்துகொண்டது. கரையில் இருந்த மீனவர்களுக்கு நான்கு நாள் தட்டும் சத்தம் கேட்டதாம்.

"நாலு நாளா?" என்றார் சின்னையா. தெரியாமல் வந்துவிட்டது.

வாசு நிமிர்ந்து பார்த்தார். "நீங்கதான் உள்ள இருந்தீங்க, அங்கிள்."

"நான் மொத நாளே நீந்திட்டேன் லா. அவனுங்களுக்குச் சாமர்த்தியம் இல்ல."

வாசு எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடி வைத்துவிட்டு, தயங்கிக் கேட்டார். பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவும் ஒரு வயதான அம்மா இருக்கிறார். வள்ளியம்மா. டெங்கில் தோட்டத்துக்காரர்.

"அவங்க புருஷன் பேரு பட்டியல்ல இல்ல. அய்யாவுன்னு. அந்த அம்மா வேற எதுவும் கேக்கல, அங்கிள். செத்துட்டாருன்னா தாலிய முறையாக் கழட்டிடுறேன், ஓடிட்டாருன்னா அறுத்து எறிஞ்சிடுறேன், எதுன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னாங்க. முப்பத்தேழு வருசமா கழுத்துல கெடக்குது. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். கல்லுலயும் பேரு வெட்டிடலாம்."

பின்பக்கம் தட்டும் சத்தம் ஆரம்பித்திருந்தது. வாசுவுக்குக் கேட்கவில்லை. மூன்று தட்டு. நிறுத்தம். காது கொடுத்துக் கேட்பது போன்ற நிறுத்தம்.

ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் முன் நாற்காலி போகும். முதல் பந்தி போகும். கோப்பிக் கடையில் எந்த நாய் வேண்டுமானாலும் அவரைப் பார்த்துச் சிரிக்கும். யாருக்காக? பாத்திரம் தேய்க்கும் ஒரு கிழவிக்காக.

"அய்யாவுவா," என்றார், வெற்றிலைச் சாற்றை ஜன்னல் வழியே துப்பிவிட்டு. "பொம்பளப் பொறுக்கி. ஓடிப்போனவன். அறுத்து எறியச் சொல்லுங்க."

பின்பக்கம் சத்தம் நின்றது.

நின்றேவிட்டது. வாசு போனார். இருட்டியது. மகன் வேலைக்குப் போனான். தவளைகூடக் கத்தவில்லை. சின்னையா உட்கார்ந்தே இருந்தார். ஐந்து மணிக்குப் பேர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு பெயராக. ஒவ்வொரு பதிலாக.

"சின்னையா."

பதில் இல்லை.

"சின்னையா."

அவர் காத்திருந்தார். அய்யாவு சொல்லுவான். எப்போதும் சொல்லுகிறவன்தானே. சொல்லடா என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். கீழே யாரும் எதுவும் சொல்லவில்லை. எல்லாரும் திரும்பிப் பார்க்கும்போது துணி உரசும் சத்தம் மட்டும்.

விடிந்ததும் குளியலறையில் சந்திரகலா நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. நான்கு பேர் தூக்கிய மூடி திரும்பிக் கிடந்தது. குழிகள் மேலே. தாழ்ப்பாள் கீழே.

"நீங்க பெரட்டிப் போட்டீங்களா மாமா?"

அவர் குனிந்து குழிகளை விரலால் தடவிப் பார்த்தார். 

"நான் செமினிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போறேன். அவரையும் நேரா அங்க வரச் சொல்லிட்டேன். நீங்களும் வாங்க." கொஞ்சம் பொறுத்துச் சொன்னாள்: "அவங்க உங்களத்தான் கூப்பிட்றாங்க. எனக்கும் ரெண்டு நாளா கேக்குது."

பயந்தாங்கொள்ளிகள், என்று நினைத்தார். போகட்டும். எழுந்து கூடப் போயிருக்கலாம். சட்டையைத் தோளில் போட முடியவில்லை. தோளில் தோல் இல்லை.

மத்தியானம் மூன்று மணிக்கு மழை பிடித்தது. கூரைத் தகரத்தில் விழுந்த மழையில் வேறு எதுவும் கேட்க வாய்ப்பே இல்லை. வானம் கறுத்து, வீட்டுக்குள் மூலைகள் ஒன்றுசேர்ந்து, நாற்காலி எங்கே முடிந்து சுவர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாத அளவுக்கு மங்கியது. சேற்று நாற்றம் போய் வேறு நாற்றம் வந்தது. ஈரக் கரி. வேர்வை. மூத்திரம். பல நாள் அடைபட்ட மூச்சு.

இது பெரட்டு நேரமே இல்லை.

பேர் கூப்பிட்டார்கள்.

மழைக்கு உள்ளே, மழையை விடத் தெளிவாக. ஒரு பெயர். ஒரே பெயர்.

"அய்யாவு."

நிறுத்தம்.

"அய்யாவு."

சின்னையா எழுந்தார். எழ வேண்டும் என்று நினைக்கவில்லை. கால் போனது. அடுப்பங்கரை. பின்வாசல். குளியலறைத் தகரக் கதவு. திறந்திருந்தது.

மூடி சுவரில் சாய்ந்து நின்றது.

குழி. முழங்கால் ஆழக் குழி.

ஆழம் தெரியவில்லை. இரும்புப் படிகள் இறங்கின. படிகளுக்கு இருபக்கமும் தலைகள். தோளோடு தோள் நெருங்கி, கரி அப்பி, நாடி நிமிர்ந்து. இடது தோள்களில் கூடை. கூடை அறுத்த இடத்தில் எலும்பு. கண் இருக்க வேண்டிய இடங்களில் ஈரம் மினுங்கியது. எல்லாம் அவரைப் பார்த்து. முதல் வரிசையில், படிக்குப் பக்கத்தில், ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம். காலி.

"அய்யாவு," என்றது குரல். பொறுமையாக.

அய்யாவு பதில் சொல்லவில்லை. ஓடிப்போனவன் பெரட்டில் எப்படிப் பதில் சொல்லுவான்? யாராவது ஒருவர் அவனுக்காகச் சொல்ல வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

முன்வாசலில் கதவு தட்டப்பட்டது. சாதாரணமான, மனிதக் கை. மழைக்குக் குடையை உதறும் சத்தம். வாசுவின் குரல், அங்கிள், அங்கிள் என்று. அதற்குப் பின்னால் ஒரு கிழவியின் குரல். முப்பத்தேழு வருடத்துக்குப் பிறகும் அவருக்கு அடையாளம் தெரிந்தது.

"சின்னையா, நான் வள்ளியம்மா. நேர்ல ஒரு தரம் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன். என் வீட்டுக்காரரு எங்கப்பா?"

நாக்கில் மிளகு எரிந்தது.

சொல்லிவிடலாம். இப்போது சொல்லிவிடலாம். என் பெயருக்குப் போனான், செத்தான். நான்கு சொல். நாற்காலி போனால் போகட்டும். அவர் வாயைத் திறந்தார்.

கரி வந்தது.

ஈரக் கரி. நாக்குக்கு அடியிலிருந்து, தொண்டையிலிருந்து, கட்டி கட்டியாக. மார்பில் வழிந்தது. மறுபடியும் திறந்தார். மறுபடியும் கரி. மூச்சுக்கு இடமில்லை. கை தானாக எதையோ பிடித்தது. மூடியின் விளிம்பு. கொப்புள விரல்கள் இரும்பில் தட்டின. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

முன்வாசலில் இருந்தவர்களுக்கு அது கேட்கவில்லை. வீட்டில யாரும் இல்ல போலம்மா என்றார் வாசு. கிழவி போகவில்லை. ஈரத் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசற்படியிலேயே உட்கார்ந்தாள்.

கீழே இருநூறு முகங்கள் நிமிர்ந்தபடி. இமைக்காமல். வரிசையில் அந்த ஒரு இடம்.

"அய்யாவு."

பெரட்டு முடியவில்லை. அய்யாவுக்குச் சின்னையா ஒரு குரல் பாக்கி.